32 சர்வர், ஒரு முகவரி: கே.வி.எம். ஸ்விட்சின் வரவு செலவு

இரண்டு ரேக். ரேக்குக்கு 16 வீதம் 32 சர்வர். அத்தனை சர்வரின் திரையையும் விசைப்பலகையையும் மவுஸையும் வேறு ஊரில் இருந்தபடி கையாள ஒரு கே.வி.எம். ஓவர் ஐ.பி. ஸ்விட்ச். அந்த ஸ்விட்சுக்கு வேண்டிய ஐ.பி. முகவரி ஒன்று, கூடிப்போனால் இரண்டு.

கொள்முதல் பட்டியலில் அந்த முகவரிக்கு நேராக எழுதும் தொகை பூஜ்யம் ரூபாய். அதனால் அதற்குப் பட்டியலில் இடமே கிடைப்பதில்லை. பெட்டி வந்து இறங்கி, ரேக்கில் ஏறி, 32 கேபிளும் செருகி முடித்த பிறகு, "காலியா ஒரு ஐ.பி. இருந்தா குடுங்க" என்று நெட்வொர்க் பிரிவில் கேட்டு வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இந்த வரிசை தவறு என்பது என் உறுதியான கருத்து. மற்ற எல்லாக் கதவும் அடைபட்ட நேரத்தில் திறக்க வேண்டிய கடைசிக் கதவு இந்தக் கருவி. அதன் முகவரி எந்த நெட்வொர்க்கில், எந்த வழியில், எதை நம்பி நிற்கிறது என்பதை முதலில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் விலைப்புள்ளி கேட்க வேண்டும்.

கீழே உள்ள கணக்கு ஒரு மாதிரி அறைக்கானது. சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் நடுத்தர நிறுவனத்தின் சொந்த சர்வர் அறை. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரின் வீடு 30 கி.மீ. தள்ளி. ரூபாய்த் தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் இடத்துத் தொகையை அங்கே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். முகவரி, பிட், பைட் தொடர்பான எண்கள் தரநிலைகளில் உள்ளபடியே.

பெட்டிக்குள் போகும் சரக்கு

1024 × 768 என்ற பழைய திரை அளவையே எடுத்துக்கொள்வோம். சர்வர் அறைகளில் இன்றும் அதிகம் தென்படுவது அதுதான். ஒரு திரையில் 7,86,432 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட் வண்ணம், வினாடிக்கு 60 படம் என்றால் வினாடிக்கு 1,13,24,62,080 பிட். ஒரு கிகாபிட் இணைப்பின் முழுக் கொள்ளளவே வினாடிக்கு 100 கோடி பிட்தான். அதாவது இந்தச் சின்னத் திரைகூட அப்படியே அனுப்பினால் கிகாபிட் கேபிளில் அடங்காது. 1920 × 1080 திரைக்கு அது சுமார் 299 கோடி பிட். ஆகவே ஸ்விட்ச் முழுத் திரையை அனுப்புவதில்லை. மாறிய பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து, சுருக்கி அனுப்புகிறது. சர்வரின் திரை பெரும்பாலும் கருப்புப் பின்னணியில் அசையாமல் நிற்கும் எழுத்துகள்தான் என்பதால் இது சாத்தியமாகிறது. வினாடிக்கு 20 லட்சம் பிட் செல்லும் இணைப்பில் அந்த 1024 × 768 திரையை இழுக்க வேண்டுமானால் 566 மடங்கு சுருக்கம் தேவை. மெதுவான இணைப்பில் வண்ணத்தை 24 பிட்டிலிருந்து 8 பிட்டாகக் குறைத்தால் மூன்றில் இரண்டு பங்குச் சுமை தொடக்கத்திலேயே கழிந்துவிடும்.

எதிர்த் திசையில் போவது மிகச் சிறிது. யூ.எஸ்.பி. விசைப்பலகையின் அடிப்படை அறிக்கை ஒன்று 8 பைட். அதன் மேல் ஐ.பி. தலைப்பு 20 பைட், டி.சி.பி. தலைப்பு 20 பைட். கடிதம் 8, உறை 40.

தூரமும் அப்படித்தான். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். 30 கி.மீ. தள்ளி இருக்கும் வீட்டுக்குப் போய்வர மில்லிவினாடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. தீவுகளுக்கு இடையிலான பகுதிகளையும் சேர்த்து அதன் நீளம் சுமார் 2,300 கி.மீ. போர்ட் பிளேர் சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 1,370 கி.மீ.; 2024இல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அவ்வளவு தூரத்துக்கும் ஒளி போய்வர 14 மில்லிவினாடி போதும். தட்டச்சு செய்பவர் கைக்கு அது தெரியாது. அங்கே ஒரு சர்வர் நின்றுபோனால் விமானம் ஏறுவதா, கன்சோலைத் திறப்பதா என்ற கேள்வி முழுக்க முகவரியைப் பொறுத்தது.

ஒரே கேபிள், இரண்டு வேலை

சர்வர் ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு டாங்கிள் தொங்கும். அதன் ஒரு முனை வி.ஜி.ஏ. மற்றும் யூ.எஸ்.பி.யில் செருகும், மறுமுனையில் ஆர்.ஜே.45. அங்கிருந்து கே.வி.எம். ஸ்விட்சுக்கு நெட்வொர்க்குக்குப் போடும் அதே வகைக் கேபிள். இங்கேதான் முதல் குழப்பம். கேபிள் ஒன்றுபோல இருந்தாலும் அதில் ஓடுவது ஈதர்நெட் அல்ல. பல மாடல்களில் அது அந்தந்த நிறுவனத்தின் சொந்த மின்குறிப்பு. டாங்கிளுக்கு ஐ.பி. முகவரி கிடையாது. அந்தக் கேபிளை நெட்வொர்க் ஸ்விட்சில் செருகினால் ஒன்றும் வராது. சில சமயம் போர்ட் பழுதாகும் ஆபத்தும் உண்டு. எனவே இரண்டு நிறக் கேபிள் வாங்குவது நல்லது.

அளவு இப்படி. ஸ்விட்ச் இருக்கும் ரேக்கிலேயே உள்ள 16 சர்வருக்குச் சராசரி 2.5 மீட்டர், பக்கத்து ரேக்கின் 16க்குச் சராசரி 5 மீட்டர்: 40 + 80 = 120 மீட்டர். 305 மீட்டர் பெட்டியில் இது 39 சதவீதம். கனெக்டர் 64, கிரிம்ப் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து 70 வாங்கலாம். வி.ஜி.ஏ. படத்துக்கு நீளம் கூடக் கூடத் தெளிவு குறையும். ஈதர்நெட்டின் 100 மீட்டர் வரம்பை இந்தக் கேபிளுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. திரை அளவு ஏற ஏற அனுமதிக்கும் நீளம் இறங்கும் என்பதால், உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அட்டவணையைப் பார்த்துவிட்டே ரேக்கின் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

சர்வரோடு வரும் ஐ.எல்.ஓ., ஐ-டிராக் போன்ற உள்ளமைந்த மேலாண்மைச் சில்லுகள் இதே வேலையைச் செய்கின்றனவே என்று கேட்கலாம். செய்கின்றன. ஆனால் அங்கே சர்வருக்கு ஒரு முகவரி, ஒரு நெட்வொர்க் போர்ட்: 32 சர்வருக்கு 32 முகவரி, 32 போர்ட். தொலைத்திரை வசதிக்குப் பல மாடல்களில் தனி உரிமக் கட்டணமும் உண்டு. எல்லா சர்வரும் புதியவை, உரிமமும் இருக்கிறது என்றால் கே.வி.எம். ஸ்விட்ச் தேவைப்படாமலே போகலாம். அதை விற்பவர் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். பழையதும் புதியதும், பல நிறுவனத் தயாரிப்புகளும் கலந்த அறைக்கு அது இன்றும் நல்ல கருவி.

முகவரிப் பேரேடு

ஐ.பி.வி4 முகவரி 32 பிட். மொத்தம் 4,29,49,67,296. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. உள் நெட்வொர்க்குகளுக்கென்று 1996இல் ஆர்.எஃப்.சி. 1918 ஒதுக்கிய மூன்று தொகுதிகளை எவரும் எடுத்துக்கொள்ளலாம்: 10 என்று தொடங்குவதில் 1,67,77,216, 172.16 முதல் 172.31 வரை 10,48,576, 192.168இல் 65,536. ஆக 1,78,91,328. இதில் முதல் தொகுதியின் பங்கு கிட்டத்தட்ட 94 சதவீதம். கடைசித் தொகுதியின் பங்கு அரை சதவீதம்கூட இல்லை. ஆனாலும் வீட்டு ரவுட்டர், கடை கேமரா, புதிதாகப் பெட்டி பிரிக்கும் கருவி என எல்லாம் அந்த அரை சதவீதத்துக்குள்தான் நெருக்கியடித்து நிற்கின்றன.

ராரிட்டன் நிறுவனத்தின் டொமினியன் கே.எக்ஸ். வரிசை ஸ்விட்சுகள் 192.168.0.192 என்ற முகவரியோடு ஆலையிலிருந்து வரும். ஏட்டன் நிறுவனத்தின் பல மாடல்கள் தானாக முகவரி கிடைக்காவிட்டால் 192.168.0.60க்குப் போகும். முதல் அமைப்புக்கு லேப்டாப்பில் 192.168.0.10, மாஸ்க் 255.255.255.0 என்று போட்டு, நேராக ஒரு கேபிளில் இணைத்து, பிரவுசரில் திறந்தால் போதும். அல்லது ஸ்விட்சின் பின்புறம் உள்ள உள்ளூர் கன்சோலில் மானிட்டரும் விசைப்பலகையும் செருகித் திரைப் பட்டியலிலேயே மாற்றலாம். ஒரே மாடலில் இரண்டு வாங்கியிருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் நெட்வொர்க்கில் ஏற்றக் கூடாது. இரண்டுக்கும் ஒரே முகவரி. கையேட்டில் அச்சிட்ட கடவுச்சொல்லை அதே அமர்வில் மாற்றிவிட வேண்டும்.

அந்த ஆலை முகவரியை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? வீட்டு ரவுட்டர்களில் 192.168.0 வரிசை மிகப் பரவலானது. பொறியாளர் வீட்டிலிருந்து வி.பி.என். வழியே 192.168.0.192ஐத் தேடும்போது, லேப்டாப் அது தன் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக எண்ணி அங்கேயே தேடி முடித்துவிடலாம். அலுவலகத்தில் சோதித்தபோது ஒழுங்காக வேலை செய்திருக்கும். நள்ளிரவில் வீட்டிலிருந்துதான் தெரியும். அதனால் 10 வரிசையில், எவர் வீட்டிலும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு மூலையை எடுக்க வேண்டும். நம் கணக்குக்கு 10.40.7 வரிசை.

இனி எத்தனை முகவரி கொண்ட தொகுதி வேண்டும் என்ற கணக்கு. கே.வி.எம். ஸ்விட்ச் தனியாக நிற்பதில்லை. சர்வர் அறையை மேலாளும் மற்றக் கருவிகளோடு ஒரே தெருவில் குடியிருக்கும்.

கேட்வே, இரண்டு ரவுட்டரும் அவை பகிரும் முகவரியும் சேர்த்து – 3
கே.வி.எம். ஸ்விட்ச் – 1
மின் பகிர்வுப் பட்டை, ரேக்குக்கு இரண்டு – 4
யூ.பி.எஸ். – 2
சீரியல் கன்சோல் சர்வர் – 1
நெட்வொர்க் ஸ்விட்ச் – 2
ஃபயர்வால் மேலாண்மை – 1
வெப்ப, ஈரப்பத உணரி – 1
நுழைவு சர்வர், வெளியிலிருந்து வருபவர் முதலில் நுழைவது – 1
மொத்தம் – 16

/28 தொகுதியில் 16 முகவரிதானே, சரியாகப் பொருந்துகிறதே என்று தோன்றும். முதலாவது நெட்வொர்க்கின் பெயர், கடைசி பிராட்காஸ்ட்; பயன்படுவது 14. இரண்டு குறைகிறது. /27 எடுத்தால் 32, பயன்படுவது 30, மிச்சம் 14. சர்வர்களின் உள்ளமைந்த சில்லுகள் 32ஐயும் சேர்த்தால் 48. அதற்கு /26, அதாவது பயன்படும் 62, மிச்சம் அப்போதும் 14. இந்த அறைக்கு /27 எடுக்கிறேன்: 10.40.7.96 முதல் 10.40.7.127 வரை. பயன்படுபவை 97 முதல் 126. கேட்வேக்கு 97, 98, 99. கே.வி.எம். ஸ்விட்சுக்கு 100. நினைவில் நிற்கும் எண்ணைக் கொடுப்பதில் ஒரு தவறும் இல்லை. நடு இரவில் மனப்பாடமாக அடிக்க வேண்டிய முகவரி அது.

மாஸ்க் 255.255.255.224. இந்த 224 எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது: 256இலிருந்து தொகுதியின் அளவான 32ஐக் கழித்தால் 224. இதைக் கவனிக்காமல், பழக்கதோஷத்தில் 255.255.255.0 என்று அடித்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் பிழை. அப்போது வரும் கோளாறு விசித்திரமானது. 10.40.9இலிருந்து வருபவருக்குக் கன்சோல் திறக்கும். 10.40.7.20இல் உட்கார்ந்திருப்பவருக்குத் திறக்காது. காரணம், ஸ்விட்ச் 10.40.7இல் உள்ள 256 முகவரியும் தன் பக்கத்து வீடு என்று நம்பிவிட்டது. பதில் அனுப்ப வேண்டிய நேரத்தில் கேட்வேயிடம் கொடுக்காமல், 20ஆம் எண்ணைத் தன் கேபிளிலேயே கூப்பிட்டுப் பார்க்கிறது. அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. உண்மையில் தன் தெருவில் உள்ளவை 32. தவறாகத் தன்னுடையவை என்று எண்ணுபவை 224. ரவுட்டர் தானாக முன்வந்து பதிலாளியாக நிற்கும்படி அமைத்திருந்தால் இது மறைந்தும் போகும். ரவுட்டர் மாற்றும் நாளில் திரும்ப வெளிப்படும். கேட்வே எண் தவறினால் கோளாறு எளிது: அதே தெருவில் திறக்கும், வெளியே எங்கிருந்தும் திறக்காது. ஆகவே சோதனை மூன்று இடத்திலிருந்து நடக்க வேண்டும்: அதே தொகுதியிலிருந்து, அதே கட்டடத்தின் வேறு தொகுதியிலிருந்து, வி.பி.என். வழியே வீட்டிலிருந்து.

முகவரியைப் பதியும் முன் அது உண்மையிலேயே காலியா என்று பார்க்க பிங் மட்டும் போதாது. அணைந்து கிடக்கும் கருவியும் பதில் தராது, பிங்கைத் தடுத்திருக்கும் கருவியும் பதில் தராது. முகவரிப் பேரேடும், நெட்வொர்க் ஸ்விட்சின் மேக் அட்டவணையும்தான் சாட்சி. மேக் முகவரி 48 பிட், 12 இலக்கம். முதல் 6 தயாரிப்பாளரைக் குறிக்கும். அந்த ஒட்டுச்சீட்டு பெரும்பாலும் பெட்டியின் அடியிலோ பின்னாலோ இருக்கும். ரேக்கில் ஏற்றும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தானாக வரும் முகவரி ஏன் கூடாது

டி.எச்.சி.பி. எனும் தானியங்கி முகவரி முறை 1997 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 2131இன்படி நடப்பது. முகவரி சொந்தமாகக் கிடைப்பதில்லை, குத்தகைக்குக் கிடைக்கிறது. 24 மணி நேரக் குத்தகை என்றால் பாதியில், அதாவது 12ஆம் மணியில், கருவி தனக்கு முகவரி தந்த சர்வரிடம் புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லையென்றால் 87.5 சதவீதத்தில், 21ஆம் மணியில், எந்த டி.எச்.சி.பி. சர்வராக இருந்தாலும் சரி என்று பொதுவில் கேட்கும். 24ஆம் மணியில் முகவரியை விட்டுவிடும்.

நம் 32 சர்வரில் ஒன்றில்தான் அந்த டி.எச்.சி.பி. சேவையும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; நடுத்தர நிறுவனங்களில் பெரும்பாலும் அப்படித்தான். சனிக்கிழமை இரவு மின்தடை, யூ.பி.எஸ். தீர்ந்து எல்லாம் அணைகிறது. மின்சாரம் வந்ததும் கே.வி.எம். ஸ்விட்ச் ஓரிரு நிமிடத்தில் எழுந்து முகவரி கேட்கும். முகவரி தர வேண்டிய சர்வர், ஏதோ ஒரு வட்டுப் பிழையால், எஃப்1 விசையை அழுத்தச் சொல்லித் திரையில் காத்து நிற்கிறது. அந்த விசையை அழுத்தக் கே.வி.எம். வேண்டும். கே.வி.எம்.முக்கு முகவரி வேண்டும். முகவரி தர அந்த சர்வர் எழ வேண்டும். வட்டம் மூடிவிட்டது. ஸ்விட்ச் இப்போது ஆலை முகவரிக்குத் திரும்பியிருக்கலாம், அல்லது 169.254 வரிசையில், தானாகப் பொறுக்கிக்கொள்ள விடப்பட்டிருக்கும் 65,024 முகவரிகளில் ஏதோ ஒன்றில் உட்கார்ந்திருக்கலாம். எதுவானாலும் வீட்டிலிருந்து அதை எட்ட முடியாது.

மேக் முகவரியை வைத்து டி.எச்.சி.பி.யிலேயே நிலையான முகவரி ஒதுக்கலாம் என்பார்கள். எண் மாறாது, உண்மை. ஆனால் கேட்கும் நேரத்தில் பதில் சொல்லும் சர்வர் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. கையால் நான்கு வரி எழுதுவது, அதாவது முகவரி, மாஸ்க், கேட்வே, நேர சர்வர், அந்த நிபந்தனையை நீக்குகிறது. இதே காரணத்துக்காக டி.என்.எஸ். பெயரையும் நம்ப வேண்டாம். பெயர் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயனர் சரிபார்ப்பை மைய அடைவு சர்வரிடம் ஒப்படைத்திருந்தால், அது இல்லாதபோதும் நுழைய ஓர் உள்ளூர்க் கணக்கு ஸ்விட்சுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

தொலைவிலிருந்து முகவரியை மாற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: பொத்தானை அழுத்தியதும் உங்கள் அமர்வு அறுந்துவிடும். ஓர் இலக்கம் தவறியிருந்தால் திரும்பிப் போக வழியில்லை. அறையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டாம் வழி, இரண்டாம் முகவரி

இவ்வகை ஸ்விட்சுகளில் பலவற்றுக்கு இரண்டு நெட்வொர்க் போர்ட் உண்டு. இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று, ஒரே முகவரி, ஒரு கேபிள் செத்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். இரண்டு கேபிளையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் செருகினால் இதில் பாதிப் பயன் போய்விடும். வேறு வேறு ஸ்விட்சில் செருக வேண்டும். மற்றது, இரண்டு போர்ட்டுக்கும் இரண்டு முகவரி, இரண்டு வெவ்வேறு தொகுதி. ஒரே தொகுதியில் இரண்டு முகவரி போடக் கூடாது; பதில் எந்த வழியில் போகும் என்பது நிச்சயமில்லாமல் ஆகிவிடும்.

எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும், இரண்டாம் போர்ட்டை ஒரு 4ஜி ரவுட்டரில் இணைக்க முடியுமானால். மைய ஸ்விட்சோ ஃபயர்வாலோ விழும் நாளில் வேறு வழி அதுதான். சிம் வழியே கிடைக்கும் ஐ.பி.வி4 முகவரி பெரும்பாலும் பொது முகவரி அல்ல. நிறுவனம் பலருக்கும் பகிர்ந்து தரும் 100.64 தொகுதியிலிருந்தோ 10 வரிசையிலிருந்தோ வரும். 2012இல் ஒதுக்கிய அந்த 100.64 தொகுதியில் 41,94,304 முகவரிகள். வெளியிலிருந்து அதை நேரே கூப்பிட முடியாது. எனவே ரவுட்டர் தானே உள்ளிருந்து புறப்பட்டு உங்கள் வி.பி.என். சர்வரை அடையும்படி சுரங்க இணைப்பை எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டும், அந்த வி.பி.என். சர்வர் இதே அறையில் இருக்கக் கூடாது.

எக்காரணத்தாலும் கே.வி.எம். ஸ்விட்சுக்குப் பொது முகவரி கொடுத்து இணையத்தில் நிறுத்தாதீர்கள். அந்தப் பெட்டியில் நுழைந்தவர் 32 சர்வரின் முன்னாலும் நேரில் உட்கார்ந்தவர் ஆகிறார். 2013இல் சர்வர் மேலாண்மைச் சில்லுகளின் ஐ.பி.எம்.ஐ. நெறிமுறையில் கடவுச்சொல்லின் ஹாஷ் வெளியே கசியும் குறை பகிரங்கமானபோது, அமெரிக்காவின் கணினி அவசர அணி அதே ஆண்டு ஜூலையில் எச்சரிக்கை விட்டது. மேலாண்மைக் கருவிகளைத் தனி நெட்வொர்க்கில் அடைத்து வையுங்கள் என்பதே அதன் சாரம். டி.சி.பி.யில் போர்ட் எண்கள் 65,535. உள்ளே விட வேண்டியவை ஒன்றோ இரண்டோ: 443, அதோடு மாடலைப் பொறுத்து ராரிட்டனில் 5000 போல ஒன்று. அதுவும் நுழைவு சர்வரிலிருந்து மட்டும். வெளியே விட வேண்டியவை நேரத்துக்கு 123, பதிவுக்கு 514, அடைவுக்கு 636. நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் வி.லேன் எண்ணுக்கு 12 பிட், பயன்படுபவை 4,094. அவ்வளவு இருக்க, எல்லாரும் குடியிருக்கும் 1ஆம் எண்ணில் கே.வி.எம். ஸ்விட்சை வைக்க வேண்டியதில்லை.

நேரமும் பதிவும் நம் நாட்டில் சட்டப்படியான கடமை. இந்தியாவின் கணினி அவசர அணியான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, கருவிகளின் கடிகாரம் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருந்த வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். நாளைக்கு 500 நிகழ்வு, நிகழ்வுக்கு 200 பைட் என்றால் 180 நாளுக்கு 1.8 கோடி பைட், அதாவது 18 மெகாபைட். இடம் ஒரு பொருட்டே இல்லை. பதிவு சர்வரின் முகவரியை ஸ்விட்சில் எழுதி வைத்தோமா என்பது மட்டுமே கேள்வி.

ரூபாய்க் கணக்கு

விற்பனை ஏடுகள் 32 மானிட்டர், 32 விசைப்பலகை மிச்சம் என்று கணக்குக் காட்டும். அதை நான் சேர்க்கவில்லை. எந்த சர்வர் அறையிலும் 32 மானிட்டர் இருந்ததில்லை. தள்ளுவண்டியில் ஒன்று இருக்கும். உண்மையான மிச்சம் பயணத்தில்.

30 கி.மீ. போய்வர 60 கி.மீ., கி.மீ.க்கு 25 ரூபாய் வீதம் 1,500. பொறியாளரின் 4 மணி நேரம், மணிக்கு 500 வீதம் 2,000. ஒரு நடைக்கு 3,500. மாதம் ஒரு நடை என்றால் ஆண்டுக்கு 42,000, ஐந்தாண்டில் 2,10,000. ஸ்விட்ச் 40 வாட் எடுக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு 8,760 மணி நேரத்துக்கு 350.4 யூனிட், ஐந்தாண்டில் 1,752 யூனிட், யூனிட் 10 ரூபாயில் 17,520. கழித்தால் 1,92,480. 32ஆல் வகுத்தால் சர்வருக்கு 6,015 ரூபாய். ஸ்விட்ச், டாங்கிள், கேபிள், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து இதற்குள் விலைப்புள்ளி வந்தால் பயணச் செலவே முதலை மீட்டுவிடும். மேலே போனால் நின்ற நேரத்தின் மதிப்பையும் எடுக்க வேண்டும். நேரில் போனால் சர்வர் எழ ஒன்றரை மணி நேரம், கன்சோலில் 10 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 18 மணி நேரம் 2 மணி நேரமாகச் சுருங்கும். மணிக்கு 10,000 ரூபாய் நஷ்டம் உள்ள ஆலைக்கு அந்த 16 மணி நேரம் 1,60,000 ரூபாய். பயணத் தொகையைப் போல நான்கு மடங்கு கிட்ட.

இந்த வரவு முழுதும் முகவரி எட்டும்படி இருந்தால்தான். 12 சம்பவத்தில் 3இல் நெட்வொர்க்கே விழுந்திருக்கும் என்று வைத்தால், இரண்டாம் வழி இல்லாதவர் அந்த மூன்றுக்கும் வண்டி எடுக்க வேண்டும்: ஆண்டுக்கு 10,500, ஐந்தாண்டில் 52,500, மாதத்துக்கு 875. 4ஜி ரவுட்டரின் விலையையும் சிம் கட்டணத்தையும் ஐந்தாண்டுக்குப் பரப்பி, அந்த 875க்குள் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்தை மட்டும் வைத்தே அடங்கக்கூடிய செலவு அது.

ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை கேளுங்கள். விடுமுறை நாள் ஒன்றில், முன்னறிவிப்போடு, டி.எச்.சி.பி.யையும் டி.என்.எஸ்.ஸையும் நிறுத்துங்கள். மைய ஸ்விட்சின் கேபிளைப் பிடுங்குங்கள். கே.வி.எம். ஸ்விட்சின் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். பிறகு வீட்டிலிருந்து, காகிதத்தில் எழுதிய எண்ணை அடித்து, 32ஆம் சர்வரின் பயாஸ் திரை வரை போய்ப் பாருங்கள். போக முடிந்தால் கையெழுத்துப் போடுங்கள். முடியாவிட்டால் வேலை முடியவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள்.